ஒரு பாயிண்ட்தானே வித்தியாசம்?

போன மாதம் சித்தப்பா இரண்டு மண்வள அட்டைகளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். அம்மாபேட்டைப் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். வாய்க்காலை ஒட்டி மூன்று மா, ஊருக்குக் கிழக்கே பள்ளத்தில் இன்னொரு மூன்று மா. (தஞ்சாவூர்க் கணக்கு பழக்கமில்லாதவர்களுக்கு: மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி.) வாய்க்கால் வயலின் அட்டையில் பிஎச் 7.6 என்று இருந்தது. பள்ளத்து வயலில் 8.6.

கொஞ்ச நேரத்தில் போனே வந்தது. "ஏம்ப்பா, ரெண்டுக்கும் ஒரு பாயிண்ட்தானே வித்தியாசம்? இதுக்கா பள்ளத்து வயல் இந்தப் பாடு படுத்துது? ஒரு மூட்டை போடுற எடத்துல ஒன்றரை மூட்டை யூரியா போடுறேன். பயிர் பச்சை கட்டவே மாட்டேங்குது."

பக்கத்தில் இருந்து தம்பியின் குரல்: "காரம்தானே அண்ணே, கொஞ்சம் ஆசிட் ஊத்தினா சரியாயிடாதா?"

இரண்டுமே நல்ல கேள்விகள். ப்ளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பிஎச், பிஓஎச் கணக்கை வைத்தே இரண்டுக்கும் பதில் சொல்லலாம். முதல் கேள்விக்கு அந்தக் கணக்கு நேராகப் பதில் தரும். இரண்டாவதில் அதே கணக்கு நம்மை ஏமாற்றும். ஏன் ஏமாற்றுகிறது என்று புரிந்தால்தான் அட்டையைச் சரியாகப் படிக்க முடியும்.

தண்ணீருக்குள் நடப்பது

எவ்வளவு சுத்தமான தண்ணீரிலும் எல்லா மூலக்கூறும் முழுசாக நிற்பதில்லை. மிகச் சில பிரிந்து ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் இருக்கும். அவை மறுபடி சேரும், அதற்குள் வேறு சில பிரியும். (ஹைட்ரஜன் அயனி உண்மையில் தனியாக நிற்காது. ஒரு தண்ணீர் மூலக்கூறோடு ஒட்டி ஹைட்ரோனியமாக இருக்கும். கணக்குக்கு வித்தியாசம் இல்லை.) 25 டிகிரி செல்சியஸில், ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் இரண்டு அயனிகளும் தலா 10⁻⁷ மோல் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தம் 55.5 மோல் தண்ணீர் இருக்கிறது. அதாவது ஏறக்குறைய 55 கோடி மூலக்கூறுக்கு ஒன்று பிரிந்து நிற்கிறது. இவ்வளவு கொஞ்சத்தைப் பற்றித்தான் இத்தனை பேச்சும்.

இதில் ஒரு விதி உண்டு. இரண்டு அயனிகளின் செறிவையும் பெருக்கினால் விடை எப்போதும் ஒன்றே: 25 டிகிரியில் 10⁻¹⁴. அமிலம் சேர்த்து ஹைட்ரஜன் அயனியைப் பத்து மடங்கு ஏற்றினால், ஹைட்ராக்சைடு பத்தில் ஒன்றாக இறங்கிவிடும். காரம் சேர்த்தால் தலைகீழ். ஒன்று தெரிந்தால் மற்றது தானாகக் கிடைக்கும்.

0.0000001 என்று பூஜ்யம் எண்ணிக்கொண்டிருப்பது யாருக்கும் பிடிக்காது. 1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சென் என்ற வேதியியலாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். அடுக்கை மட்டும் எடுத்துக்கொள், கழித்தல் குறியை நீக்கிவிடு. அதுதான் பிஎச். பீர் கம்பெனி நடத்திய ஆய்வகத்தில் பிறந்த எண் இப்போது நம் மண் அட்டையில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று வரி போதும்:

பிஎச் = − மடக்கை (ஹைட்ரஜன் அயனிச் செறிவு)
பிஓஎச் = − மடக்கை (ஹைட்ராக்சைடு அயனிச் செறிவு)
பிஎச் + பிஓஎச் = 14 (25 டிகிரியில்)

மூன்றாவது வரி புதிது அல்ல. மேலே சொன்ன பெருக்கல் விதியைத்தான் மடக்கையில் எழுதியிருக்கிறோம். மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும், அவ்வளவுதான்.

இரண்டு வயல்களின் கணக்கு

கால்குலேட்டர் வேண்டாம். 2இன் மடக்கை 0.3, 2.5இன் மடக்கை 0.4, 4இன் மடக்கை 0.6, 5இன் மடக்கை 0.7 என்று நினைவில் இருந்தால் போதும்.

வாய்க்கால் வயல், பிஎச் 7.6. ஹைட்ரஜன் அயனி 10⁻⁷·⁶. அடுக்கில் புள்ளி இருந்தால் அதை முழு எண்ணாகவும் மிச்சமாகவும் பிரிக்க வேண்டும்: −7.6 என்பது 0.4 − 8. ஆக 10⁰·⁴ × 10⁻⁸, அதாவது லிட்டருக்கு 2.5 × 10⁻⁸ மோல். பிஓஎச் 14 − 7.6 = 6.4. இதையும் அப்படியே பிரித்தால் ஹைட்ராக்சைடு 4 × 10⁻⁷ மோல். சரிபார்க்க இரண்டையும் பெருக்குங்கள்: 2.5 × 4 = 10, அடுக்குகள் −15. மொத்தம் 10⁻¹⁴. சரி.

பள்ளத்து வயல், பிஎச் 8.6. இதே வழியில் ஹைட்ரஜன் அயனி 2.5 × 10⁻⁹, பிஓஎச் 5.4, ஹைட்ராக்சைடு 4 × 10⁻⁶ மோல்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹைட்ராக்சைடு 4 × 10⁻⁷க்கும் 4 × 10⁻⁶க்கும் நடுவில் இருப்பது பத்து மடங்கு. சித்தப்பா "ஒரு பாயிண்ட்" என்று சொன்னது கூட்டல் கணக்கு. அட்டையில் இருப்பது பெருக்கல் கணக்கு. 7.6இல் இருந்து 8.6 போவது நூறு ரூபாயில் இருந்து நூற்றியொரு ரூபாய் போவது மாதிரி இல்லை, நூறில் இருந்து ஆயிரத்துக்குப் போவது மாதிரி. 0.3 வித்தியாசம் என்றாலே இரண்டு மடங்கு.

இன்னொன்றும் இருக்கிறது. பிஎச் 8.5ஐத் தாண்டி, கரையும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4க்குள் இருந்து, மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் போனால் அதைக் களர் மண் என்கிறார்கள். உப்பு மட்டும் அதிகமாக இருந்து பிஎச் 8.5க்குள் நின்றால் அது உவர். களரையும் உவரையும் நாம் பேச்சில் கலந்து சொல்கிறோம். ஆனால் வைத்தியம் வேறு வேறு. எனவே பிஎச்சை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை மடித்து வைக்காமல், அடுத்த வரியில் இருக்கும் மின்கடத்தும் திறனையும் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பும் மழையும்

கணக்கு கைக்குப் பழக இன்னும் இரண்டு உதாரணம், ஒன்று காரத்தில், ஒன்று அமிலத்தில்.

கும்பகோணம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. அதைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டால் லிட்டருக்குச் சுமார் 1.6 கிராம்தான் கரையும். அதன் மூலக்கூறு எடை 74. ஆக 1.6 ÷ 74 = 0.0216 மோல். ஆனால் ஒவ்வொரு சுண்ணாம்பு அலகும் இரண்டு ஹைட்ராக்சைடு கொடுக்கும். பரீட்சையில் நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஆக ஹைட்ராக்சைடு 0.043 மோல். பிஓஎச் 1.37, பிஎச் 12.63. மீட்டரை வைத்தால் 12.4 பக்கம் காட்டும். அயனிகள் நெருக்கமாக இருக்கும்போது ஒன்றை ஒன்று பிடித்து இழுப்பதால் முழு வேகத்தோடு வேலை செய்வதில்லை. நீர்த்த கரைசலில் இந்தக் குறை தெரியாது.

மழைத் தண்ணீர் அமிலப் பக்கம். புகையே இல்லாத ஊரிலும் மழையின் பிஎச் 7 இல்லை. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மழைத்துளியில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. லிட்டருக்குச் சுமார் 1.4 × 10⁻⁵ மோல் கரையும். சுண்ணாம்பு மாதிரி இது முழுசாகப் பிரியாது, இது வலுக்குறைந்த அமிலம். பிரிகை மாறிலி 4.3 × 10⁻⁷. இந்த மாதிரி அமிலத்துக்குச் சுருக்கு வழி: செறிவையும் மாறிலியையும் பெருக்கி வர்க்கமூலம் எடு. பெருக்கினால் 6 × 10⁻¹², வர்க்கமூலம் 2.5 × 10⁻⁶. பிஎச் 5.6. இந்தக் கார்பன் டை ஆக்சைடு கதை கடைசியில் வயலுக்குள் மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. "பிஎச் 7 என்றால் நடுநிலை" என்பது 25 டிகிரிக்கு மட்டும்தான் சரி. சூடு ஏறினால் தண்ணீர் கூடுதலாகப் பிரியும். 35 டிகிரியில் பிஎச்சும் பிஓஎச்சும் சேர்ந்து 14 வராது, 13.68தான் வரும். அதில் பாதி 6.84. தஞ்சாவூர் வெயிலில் கிடக்கும் வயல் தண்ணீருக்கு நடுநிலை 6.84 என்றுதான் கொள்ள வேண்டும். தண்ணீர் அமிலமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு அயனியும் சமமாகத்தான் ஏறியிருக்கின்றன.

யூரியா எங்கே போகிறது

இப்போது சித்தப்பாவின் ஒன்றரை மூட்டைக்கு வருவோம்.

யூரியாவைப் பயிர் அப்படியே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியமாக உடைக்கிறது. அம்மோனியம் ஓர் அயனி. களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் எடுத்துக்கொள்ளும். ஆனால் சுற்றி ஹைட்ராக்சைடு நிறைய இருந்தால் அம்மோனியத்தில் இருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை அது பிடுங்கிவிடும். மிச்சம் அம்மோனியா. அது வாயு, காற்றோடு போய்விடும். மாட்டுத் தொழுவத்தில் காலையில் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான்.

எவ்வளவு அம்மோனியமாக இருக்கும், எவ்வளவு அம்மோனியாவாக மாறும் என்பதையும் பிஎச்தான் முடிவு செய்கிறது. 25 டிகிரியில் பிஎச் 9.25 என்றால் பாதிக்குப் பாதி. மற்ற இடங்களுக்கு: பிஎச்சில் இருந்து 9.25ஐக் கழி, வருகிற எண்ணைப் பத்தின் அடுக்காகப் போடு. கிடைப்பது அம்மோனியாவுக்கும் அம்மோனியத்துக்கும் உள்ள விகிதம்.

பிஎச் 7.6: விகிதம் 10⁻¹·⁶⁵ = 0.022. நூற்றுக்குச் சுமார் 2 பங்கு வாயு.
பிஎச் 8.6: விகிதம் 10⁻⁰·⁶⁵ = 0.22. நூற்றுக்குச் சுமார் 18 பங்கு வாயு.
பிஎச் 9: நூற்றுக்கு 36 பங்கு.

இதுவும் 25 டிகிரிக் கணக்கு. 35 டிகிரியில் பாதிக்குப் பாதி என்ற எல்லை 8.95க்கு இறங்கிவிடும். அப்போது பிஎச் 8.6இல் வாயுவின் பங்கு 31.

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. அது முழுக்கத் தண்ணீரில் அம்மோனியமாக நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், வாய்க்கால் வயலில் எந்த நேரத்திலும் பறக்கத் தயாராக நிற்பது அரைக் கிலோ. பள்ளத்து வயலில் 3.8 கிலோ. "அப்ப அவ்வளவுதான் நஷ்டம்" என்று முடித்துவிட முடியாது. 3.8 கிலோ காற்றில் போனதும், மிச்சத்தில் இருந்து அதே விகிதத்துக்கு மறுபடி வாயு உண்டாகும். வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது. எவ்வளவு பேர் வெளியே போனார்கள் என்பது காற்று, வெயில், எத்தனை நாள் தண்ணீரில் நின்றது, களிமண் எவ்வளவு பிடித்துவைத்தது என்பதையெல்லாம் பொறுத்தது. ஆனால் ஒரு வயலில் வாசல் மற்றதைவிட எட்டு மடங்கு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. கூடுதலாகப் போட்ட அரை மூட்டையும் அதே வாசல் வழியாகத்தான் போகிறது.

மத்தியானத்தில் நிலைமை இன்னும் மோசம். தேங்கிய தண்ணீரில் இருக்கும் பாசி வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். அமிலம் தரும் பொருள் போய்விட்டதால் தண்ணீரின் பிஎச் 9ஐயும் தாண்டலாம். ராத்திரி பாசி மூச்சுவிடும்போது மறுபடி இறங்கும். நல்ல வயலில்கூட, பாசி படர்ந்த தண்ணீரில் உச்சி வெயிலில் யூரியா தூவினால் அது களர் வயல் மாதிரிதான் நடந்துகொள்ளும்.

துத்தநாகத்துக்கு நூறு மடங்கு

பள்ளத்து வயலில் பயிர் பச்சை கட்டாததற்குத் தழைச்சத்து ஒன்று மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இளம் பயிரின் இலையில் துரு மாதிரிப் புள்ளிகளும் இருக்கின்றன என்றார் சித்தப்பா. அது துத்தநாகக் குறையின் அடையாளமாக இருக்கலாம். 1966இல் உத்தரப்பிரதேசத்தின் தராய்ப் பகுதியில், பந்த்நகரில் இருந்த நேனே என்ற பயிர் நோயியலாளர், "கைரா" என்று அங்கே அழைக்கப்பட்ட நெல் நோய்க்குக் காரணம் கிருமி இல்லை, துத்தநாகக் குறை என்று காட்டினார்.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு துத்தநாக அயனி இரண்டு ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கரையாத பொருளாகப் படியும். சுண்ணாம்பில் "இரண்டு" வந்தது போல இங்கேயும் இரண்டு. அதனால் ஹைட்ராக்சைடு பத்து மடங்கு ஏறினால், கரைந்து நிற்கக்கூடிய துத்தநாகம் பத்தில் ஒன்றாகாது, பத்தின் வர்க்கம், அதாவது நூறில் ஒன்றாகும். மண்ணில் துத்தநாகத்தைப் பிடித்து வைக்கும் பொருள் வேறாக இருந்தாலும் இந்த நூறு மடங்கு விதி ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. மண்ணில் மொத்தத் துத்தநாகம் இரண்டு வயலிலும் ஒன்றாகவே இருக்கலாம். வேருக்கு எட்டுவது மட்டும் நூறில் ஒன்று.

நெல்லுக்கு வழக்கமான சிபாரிசு ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட். அதை மணலோடு கலந்து தூவ வேண்டும், டிஏபி மாதிரி மணிச்சத்து உரத்தோடு கலக்கக்கூடாது. கலந்தால் துத்தநாகம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆசிட் ஊத்தினால் என்ன?

இப்போது தம்பியின் கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 202 கன மீட்டர், அதாவது 2 லட்சத்து 2 ஆயிரம் லிட்டர். லிட்டருக்கு 4 × 10⁻⁶ மோல் ஹைட்ராக்சைடு. பெருக்கினால் 0.81 மோல். கடையில் கிடைக்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் லிட்டருக்கு 12 மோல். ஆக 0.81 ÷ 12 = 0.067 லிட்டர். 67 மில்லி!

ஒரு ஏக்கர் களர் வயலை நடுநிலையாக்க அரை டம்ளர் ஆசிட்கூட வேண்டாம் என்கிறது கணக்கு. கணக்கில் தப்பில்லை. கேள்விதான் தப்பு.

பிஎச் என்பது இந்த நிமிஷம் தண்ணீரில் சுதந்திரமாக நிற்கும் அயனியின் செறிவு. அது செலவானால் ஈடுகட்டப் பின்னால் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று பிஎச் சொல்லாது. கல்லாப்பெட்டியில் இருக்கும் சில்லறையை எண்ணிவிட்டுக் கடையின் மொத்தச் சரக்கையும் மதிப்பிட முடியாது இல்லையா?

இருப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று தண்ணீரில் கரைந்த பைகார்பனேட். ஆற்று முறை தவறி போர் தண்ணீரை நம்பும் இடங்களில் இது அதிகமாக இருக்கலாம். உதாரணத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். 2.02 லட்சம் லிட்டரில் 1,010 மோல். அதை முழுசாகத் தீர்க்க அதே ஆசிட் 84 லிட்டர் வேண்டும். அதுவும் ஒரே ஒரு பாய்ச்சலுக்கு.

இரண்டாவது இருப்புதான் பெரியது: களிமண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம். மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழம், ஒரு கன மீட்டர் 1.4 டன் என்றால் ஒரு ஏக்கரில் 850 டன் மண். மண்ணின் அயனிப் பரிமாற்றத் திறன் கிலோவுக்கு 25 சென்டிமோல் என்றும், அதில் சோடியத்தின் பங்கை 30 சதவீதத்தில் இருந்து 10 சதவீதத்துக்கு இறக்க வேண்டும் என்றும் எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 5 சென்டிமோல் சோடியம் வெளியேற வேண்டும். 850 டன்னுக்கு 42,500 மோல்.

0.81 எங்கே, 42,500 எங்கே? ஐம்பதாயிரம் மடங்கு. பிஎச் மீட்டருக்கு இது கண்ணில் படவே படாது.

அந்த 42,500 மோல் சோடியத்தைத் தள்ளத்தான் ஜிப்சம். ஒரு மோல் சோடியத்துக்கு 86 கிராம் ஜிப்சம் என்பது கணக்கு. பெருக்கினால் 3,655 கிலோ, அதாவது மூன்றரை டன்னுக்கு மேல். இதில் பாதி அளவு போடுவதுதான் பொதுவான சிபாரிசு. இந்த எண்கள் நான் எடுத்துக்கொண்ட உதாரண மண்ணுக்கானவை. உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்று மண் பரிசோதனை நிலையத்தில் "ஜிப்சம் தேவை" என்று தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மண்வள அட்டையில் இருக்கும் பன்னிரண்டு அளவுகளில் அது இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜிப்சம் அமிலமே இல்லை. தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய நடுநிலைதான். அதில் இருக்கும் கால்சியம் களிமண்ணில் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. வெளியேறிய சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரில் கரைந்து நிற்கிறது. அந்தத் தண்ணீரை வடித்தால்தான் வேலை முடியும். வடிகால் இல்லாத பள்ளத்தில் ஜிப்சத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை அங்கேயே நிறுத்தினால், வெளியே போக வேண்டிய சோடியம் வயலிலேயே தங்கிவிடும்.

சேற்றுக்குள் வேறு கணக்கு

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. அட்டையில் இருக்கும் 8.6 எப்படி அளந்தது? மண்ணை உலர்த்தி, சலித்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, மீட்டரை வைத்து அளந்தது. நடவு முடிந்து மூன்று வாரம் தண்ணீருக்குள் கிடக்கும் சேறு அதுவல்ல.

இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பெரும, பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். தண்ணீரில் மூழ்கிய மண்ணின் வேதியியலைப் பற்றி 1972இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையை நெல் மண் படிக்கும் யாரும் தாண்டிப் போக முடியாது. மண்ணை மூழ்கவைத்தால் அமில மண்ணின் பிஎச் ஏறுகிறது, கார மண்ணின் பிஎச் இறங்குகிறது, சில வாரத்தில் இரண்டும் 7க்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன என்பது அதில் முக்கியமான செய்தி. கார மண்ணில் இதைச் செய்வது மழைத்துளியில் பார்த்த அதே கார்பன் டை ஆக்சைடுதான். சேற்றில் நுண்ணுயிர்கள் மூச்சுவிடுகின்றன, வாயு வெளியேற வழியில்லாமல் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. நுண்ணுயிருக்குத் தின்ன ஏதாவது இருந்தால்தான் இது நடக்கும். கரிமச்சத்து இல்லாத களரில் மெதுவாகத்தான் இறங்கும். தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுவது தழைச்சத்துக்கு மட்டும் இல்லை. அது சேற்றுக்குள்ளேயே ஒரு சின்ன ஆசிட் தொழிற்சாலையை ஓட்டுவது மாதிரி. தம்பி கேட்ட ஆசிட் இதுதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, செலவில்லாமல், ஆளைச் சுடாமல்.

ஆக ஒரே வயலில் இரண்டு பிஎச் இருக்கிறது. மேலே பாசி படர்ந்த தண்ணீரில் மத்தியானம் 9, கீழே சேற்றில் 7க்குப் பக்கம். யூரியா எங்கே விழ வேண்டும் என்பதும் இதில் இருந்தே தெரிகிறது. தண்ணீரை வடித்துவிட்டு, சேறு தெரியும்போது, வெயில் தாழ்ந்த பிறகு, பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். களையெடுக்கும் கருவி ஓட்டிச் சேற்றோடு கலந்துவிட்டால் இன்னும் நல்லது. பிறகு தண்ணீர் கட்டலாம். பெரியவர்கள் "தண்ணியை வடிச்சிட்டுப் போடு" என்று சொன்னதன் பின்னால் 9.25 என்ற எண் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் சித்தப்பாவுக்குப் போனில் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப ஒரு பாயிண்ட்ங்கிறது பத்து மடங்கு. ஜிங்குக்கு நூறு மடங்கு. ஆனா எவ்வளவு ஜிப்சம்னு அந்த நம்பரை வச்சுச் சொல்ல முடியாது. அப்படித்தானே?" நான் இவ்வளவு நீட்டி எழுதியதை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார்.

ஜிப்சம் தேவைக்கு மண் எடுத்துக் கொடுத்திருக்கிறார். முதலில் பள்ளத்து வயலின் கிழக்கு வடிகாலை வெட்டிவிட்டு, ஒரு மாவில் மட்டும் ஜிப்சமும் தக்கைப்பூண்டும் போட்டுப் பார்ப்பதாகத் திட்டம். களருக்கென்று திருச்சியில் உருவாக்கிய டிஆர்ஒய் 3 ரக விதையும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அரை மூட்டை கூடுதல் யூரியாவை இந்த சம்பாவில் நிறுத்திவிடுகிறாராம்.

உங்கள் வீட்டிலும் அட்டை இருந்தால் எடுத்துப் போட்டுப் பாருங்கள். வல்லத்துப் பக்கம் செம்புறை மண் வைத்திருப்பவர்களுக்கு எண் அமிலப் பக்கம் வரலாம். பிஎச் 6.3 என்று இருந்தால் ஹைட்ரஜன் அயனி 5 × 10⁻⁷, பிஓஎச் 7.7, ஹைட்ராக்சைடு 2 × 10⁻⁸. இரண்டையும் பெருக்கினால் 10⁻¹⁴ வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒரு அடுக்கை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.